கணிதமேதை இராமானுசம்

ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை தமிழகத்தில் பெயர் பெற்றது. திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்களில் விளையும் முருங்கையும் தக்காளியும் கத்தரியும் அங்கு வந்து குவியும். பெருநிலக்கிழாருடைய தோட்டத்துக் காயாயினும், ஏழை உழவனுடைய கொல்லையில் விளைந்த காயாயினும் தராசுக்கு வேற்றுமை இல்லை. அதுவே தராசின் சிறப்பு. ஆயினும், காயின் எடையைக் காட்டும் தராசு அதன் சுவையைக் காட்டுவதில்லை. அதனை அறியத் தேர்ந்த வணிகருடைய கண்ணும் கையும் வேண்டும்.

பள்ளி மாணவர்க்கு நடத்தப்பெறும் பொதுத் தேர்வும் அத்தகையதொரு தராசே ஆகும். எல்லார்க்கும் வினாத்தாள் ஒன்று, நாள் ஒன்று, நேரமும் ஒன்று. விடைத்தாளைத் திருத்துவோர், அதனை எழுதியவர் செல்வரா, வறியரா என்பதை அறியார். கல்லூரிக் கல்வியை நாடுவோரும், படையிற் சேர்ந்து நாட்டைக் காக்க விழைவோரும், அரசு அலுவலை வேண்டுவோரும் இத்தகைய தேர்வுகளைக் கடந்தே செல்லல் வேண்டும். இத்தராசினால் முதலில் உயர்த்தப்பெற்று, பின்னர் இதே தராசினால் தள்ளப்பெற்று, முடிவில் உலகம் போற்ற விளங்கிய தமிழர் ஒருவர் உண்டு. அவரே கணிதமேதை சீனிவாச இராமானுசம்.

பிறப்பும் இளமையும்

இராமானுசம் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கராக இருந்தார். தாயார் கோமளத்தம்மாள், கோயிலில் பசனைப் பாடல்கள் பாடுவார். கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலின் சந்நிதித் தெருவில் அமைந்த சிறியதொரு வீட்டில் அக்குடும்பம் வாழ்ந்தது. வருவாய் குறைவு. அதனை ஈடுசெய்ய, கல்லூரியில் படிக்கும் வெளியூர் மாணவர் சிலரை வீட்டில் தங்கவைத்து அவர்க்கு உணவளித்து வந்தனர்.

இராமானுசம் காங்கேயன் தொடக்கப் பள்ளியில் பயின்றார். 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பத்து வயது நிறைவதற்குச் சிறிது முன்னர், தொடக்கநிலைத் தேர்வை எழுதினார். ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு ஆகிய பாடங்களில் நடந்த அத்தேர்வில் அவர் தஞ்சை மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். அதன் பயனாக, நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அரைச் சம்பளமே செலுத்திப் படிக்கும் சலுகை அவருக்குக் கிடைத்தது. துணிக்கடைக் கணக்கரின் மகனுக்கு அச்சலுகை சிறிதன்று. அவர் தந்தையாருக்கு நிலமில்லை. செல்வாக்குடைய உறவினரும் இல்லை. எல்லார்க்கும் பொதுவாக வைக்கப்பெற்ற தேர்வே அவ்வேழைச் சிறுவனின் திறமையை மாவட்டத்தார்க்குக் காட்டிற்று. தேர்வு என்னும் வாயில் முதன்முறை அவருக்குத் திறந்தது இவ்வாறே.

அந்நாளைய தேர்வு முறை

இராமானுசத்தின் பிற்கால இடர்களை உணர்தற்கு அந்நாளைய கல்வி முறையைச் சிறிது அறிதல் வேண்டும். 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. இவை இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு அமைந்தவை. கற்பிக்கும் பணி கல்லூரிகளுக்கு உரியதாயிருந்தது; பாடம் வகுத்தலும் தேர்வு நடத்துதலும் பட்டம் வழங்குதலும் பல்கலைக்கழகத்தின் பணிகளாயிருந்தன.

பள்ளிப் படிப்பின் முடிவில் மாணவர் எழுதிய நுழைவுத் தேர்வு மெட்ரிக்குலேஷன் எனப் பெயர் பெற்றது. அதில் தேறியவர் கல்லூரியிற் சேர்ந்து இரண்டாண்டு பயின்று எஃப்.ஏ. தேர்வை எழுதுவர். அதில் வென்றவரே மேலும் இரண்டாண்டு பயின்று பி.ஏ. பட்டம் பெறலாம். திண்டுக்கல்லில் படித்த மாணவரும், கும்பகோணத்தில் படித்த மாணவரும், சென்னை நகரில் படித்த மாணவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் வினாக்களுக்கே விடை எழுதினர். அலுவலகங்களில் எழுத்தர் பணி பெறுதற்கும் அத்தேர்வுகளே துணையாயின. தேர்வில் தேறியவர்க்குக் குடும்பத்தை உயர்த்தும் வழி பிறந்தது. தேறாதவர்க்கோ பல கதவுகள் ஒருங்கே அடைபட்டன.

அம்முறையில் ஒரு விதி இருந்தது. மாணவர் எல்லாப் பாடங்களிலும் தேறுதல் வேண்டும். ஒன்றில் நூற்றுக்கு நூறு பெற்றாலும், மற்றொன்றில் குறைந்தால் முழுத் தேர்விலும் தோல்வியே. இவ்விதியே இராமானுசத்தின் வாழ்வைத் திசை மாற்றியது.

வேட்கையை வளர்த்த நூல்

உயர்நிலைப் பள்ளியில் இராமானுசத்தின் கணித அறிவு விரைந்து வளர்ந்தது. வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் அவர் தம் ஐயங்களைக் கேட்பார். சில நாள்களில் அவர்கள் அறிந்தவற்றை எல்லாம் கற்று, அவர்களையும் விஞ்சிவிடுவார். லோனி என்பார் எழுதிய திரிகோண கணித நூலை அவர்கள் வழியாகப் பெற்று, ஏறத்தாழப் பதின்மூன்று வயதிலேயே அதனை முற்றக் கற்றார்.

1903-ஆம் ஆண்டில் வேறொரு நூல் அவர் கைக்குக் கிட்டியது. அது ஜார்ஜ் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதத் தொகுப்பு நூல். அதில் ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பெற்றிருந்தன. மெய்ப்பிக்கும் முறைகளோ மிகச் சுருக்கமாகவே இருந்தன. கார் என்பவர் இலண்டனில் மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லித் தேர்வுக்கு ஆயத்தம் செய்வித்தவர். தேர்வு எழுதுவோர் படித்தவற்றை நினைவிற் கொள்ள உதவுதற்கு அந்நூலைத் தொகுத்தார். ஆனால் இராமானுசம் அதனைத் தேர்வுக்குரிய நூலாகக் கருதவில்லை. ஒவ்வொரு தேற்றத்தையும் தமக்கு இடப்பட்ட புதிராகக் கொண்டு, அதனை மெய்ப்பிக்கும் வழியைத் தாமே தேடினார். ஒன்றைத் தேடுங்கால் மற்றொன்று புலப்பட்டது. தேர்வுக்கெனத் தொகுக்கப்பெற்ற நூல், தேர்வையே மறக்கச் செய்யும் வேட்கையை அவர் உள்ளத்தில் மூட்டிற்று.

1903-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மெட்ரிக்குலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் காட்டிய திறமைக்காகக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையும் கிடைத்தது. நகர உயர்நிலைப் பள்ளியார் அவருக்குக் கணிதத்திற்குரிய பரிசை வழங்கிச் சிறப்பித்தனர். தேர்வு வாயில் இரண்டாம் முறையும் அவருக்குத் திறந்தது.

அடைபட்ட வாயில்

1904-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இராமானுசம் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தார். தென்னாட்டுக் கேம்பிரிட்சு என்று புகழப்பெற்ற கல்லூரி அது. அங்கு ஆங்கிலமும் வடமொழியும் உடலியலும் உரோமானிய கிரேக்க வரலாறும் கணிதத்தோடு சேர்ந்த பாடங்களாயிருந்தன. இராமானுசத்தின் உள்ளமோ கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்தது. பிற பாட வேளைகளிலும் அவர் கணிதத்தையே எண்ணிக்கொண்டிருந்தார். ஆண்டு முடிவில் பிற பாடங்களில் அவர் தேறவில்லை. உதவித்தொகை நின்றது.

அத்தொகையின்றிக் கல்லூரிச் சம்பளம் செலுத்தல் அக்குடும்பத்திற்கு அரிது. 1905-ஆம் ஆண்டில் இராமானுசம் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பெற்றோர் பெரிதும் வருந்தித் தேடினர். சிறிது காலத்திற்குப்பின் அவர் திரும்பி வந்தார். 1906-ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து மீண்டும் முயன்றார். அங்கு நோயுற்றமையால் சில திங்கள் படிப்புத் தடைப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் எஃப்.ஏ. தேர்வை எழுதித் தோற்றார். 1907-ஆம் ஆண்டில் தனியே படித்து மறுபடியும் எழுதினார், மறுபடியும் தோற்றார். உடலியல் பாடத்தில் அவர் பெற்ற மதிப்பெண் மிகமிகக் குறைவு. கல்லூரி வாயில் அவருக்கு முற்றும் அடைபட்டது.

இத்தோல்விக்கு யார் பொறுப்பு? தேர்வு பொய் சொல்லிற்று என்று கூறுதல் பொருந்தாது. உடலியலில் அவர் கற்றது எவ்வளவு என்று அது கேட்டது. கற்றது சிறிதே என்பதை உள்ளவாறே காட்டிற்று. குறித்த பாடங்களைப் புறக்கணித்த மாணவர் தேர்வில் தோற்பது இயல்பே. ஆனால், அத்தேர்வு கேளாத வினா ஒன்று உண்டு. உலகில் ஒருவரும் காணாத உண்மைகளைக் காணும் ஆற்றல் இவ்விளைஞரிடம் உள்ளதா என்பதே அவ்வினா. அதனை அளக்கும் வகையில் அத்தராசு செய்யப்படவில்லை. தேர்வில் தோற்றவர் எதற்கும் உதவார் என்று தேர்வு கூறியதன்று. அவ்வாறு பொருள் கொண்டது உலகமே.

வறுமையிலும் வளர்ந்த தேடல்

அடுத்த சில ஆண்டுகள் இராமானுசத்திற்குப் பெருந்துன்பம் தந்தவை. பட்டம் இல்லை, வேலை இல்லை, நிலையான வருவாயும் இல்லை. மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்ல முயன்றார். அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. தாளுக்கு விலை கொடுக்க இயலாமையால் கற்பலகையில் கணக்கிடுவார். முழங்கையால் துடைத்து மீண்டும் எழுதுவார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதித்துக்கொள்வார். அக்குறிப்பேடுகளே அவர் தேடிய செல்வம்.

1909-ஆம் ஆண்டில் சானகியம்மையாரோடு அவருக்குத் திருமணம் நடைபெற்றது. இனி வேலை தேடியே ஆகவேண்டும் என்னும் நிலை நேர்ந்தது. தேர்வுச் சான்றிதழ் கையில் இல்லாதவர் எதைக் காட்டி வேலை கேட்பது? இராமானுசம் தம் குறிப்பேடுகளையே காட்டினார்.

1910-ஆம் ஆண்டில் அவர் திருக்கோவிலூருக்குச் சென்று, அங்குத் துணைக் கலெக்டராயிருந்த இராமசுவாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய அறிஞர் அவர். வட்ட அலுவலகத்தில் சிறியதொரு எழுத்தர் வேலை தருமாறு இராமானுசம் வேண்டினார். இராமசுவாமி ஐயர் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார். அவற்றின் அருமையை உணர்ந்தார். இத்தகைய அறிவை அலுவலகத்தின் கடைநிலை வேலையில் புதைத்தல் தகாது என்று எண்ணி, அவரைச் சென்னையிலுள்ள கணித அறிஞர்களிடம் அனுப்பினார். பேராசிரியர் சேசு ஐயர் வழியாக இராமானுசம், அந்நாளில் நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் அவர்களிடம் சென்றார். இராமச்சந்திர ராவ் முதலில் ஐயுற்றார். பன்முறை உரையாடியபின் தெளிந்தார். திங்கள்தோறும் இருபத்தைந்து ரூபாய் தந்து உதவினார்.

1911-ஆம் ஆண்டில் பெர்னூலி எண்களைப் பற்றிய இராமானுசத்தின் முதற் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பிறர் பொருளில் வாழ்தல் அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை. ஆதலின், 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்குத் தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயரும் கணிதம் வல்லவர். அலுவலக வேலை முடிந்தபின் இருவரும் கணித ஆராய்ச்சியில் ஈடுபடுவர். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பாரும் இராமானுசத்திடம் பரிவு காட்டினார்.

கடல் கடந்த மடல்

இராமானுசத்தின் ஆராய்ச்சியை முழுதும் மதிப்பிட வல்லார் அந்நாளில் தென்னாட்டில் அரியர். ஆங்கில நாட்டுப் பேராசிரியர் சிலர்க்கு அவர் மடல் எழுதினார், பயன் விளையவில்லை. 1913-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஹார்டிக்கு ஒரு மடல் வரைந்தார். தாம் பல்கலைக்கழகக் கல்வியை முடிக்காதவர் என்பதை அதில் அவர் மறைக்கவில்லை. தாம் கண்ட தேற்றங்கள் பலவற்றை உடன் எழுதி அனுப்பினார்.

ஹார்டி தேர்வுகளை நன்கறிந்தவர். கேம்பிரிட்சில் டிரைப்போஸ் என்னும் கணிதத் தேர்வு கடுமைக்குப் பெயர் போனது. அதில் வென்றவர்களின் பெயர்கள் முதல்வர், இரண்டாமவர் என வரிசையிட்டு வெளியிடப்பெறும். அவ்வரிசையில் முன்னிற்றலே பெரும்புகழாகக் கருதப்பெறும். 1898-ஆம் ஆண்டில் ஹார்டி நான்காமிடம் பெற்றவர். எனினும், அத்தேர்வுக்கெனவே மாணவரைப் பழக்கும் முறை உண்மையான கணிதத்திற்குத் தடையாகும் என அவர் கருதினார். அதனைத் திருத்துதற்கு உழைத்தோருள் ஒருவரானார். அவ்வாறு வரிசையிட்டு வெளியிடும் வழக்கம் 1909-ஆம் ஆண்டோடு நின்றது. இத்தகையவர் கையில் அம்மடல் சென்று சேர்ந்தது நற்பேறே ஆகும்.

ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அமர்ந்து அத்தேற்றங்களை ஆராய்ந்தனர். சில முன்னரே அறியப்பட்டவை, சில பிழையானவை, வேறு சிலவோ அவர்கள் கண்டும் கேட்டுமிராதவை. எழுதியவர் மாபெருங் கணிதப் புலவர் என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். அவர் பெற்ற பட்டம் யாது என்று அவர்கள் கேட்கவில்லை. அனுப்பிய தேற்றங்களுக்கு மெய்ப்பு யாது என்றே கேட்டனர்.

பல்கலைக்கழகத்தின் பெருந்தன்மை

அதே ஆண்டில் வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். கேம்பிரிட்சுத் தேர்வில் முதலிடம் பெற்ற கணித அறிஞர் அவர். இராமானுசத்தின் ஆராய்ச்சியைக் கண்ட அவர், இவ்விளைஞர் கவலையின்றி ஆராய்தற்குப் பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தார். ஆனால் ஆராய்ச்சிக்குரிய உதவித்தொகை பட்டம் பெற்றவர்க்கு உரியது. இராமானுசமோ எஃப்.ஏ. தேர்விலும் தேறாதவர்.

விதியைக் காரணங் காட்டி மறுத்தல் எளிது. பல்கலைக்கழகத்தார் அவ்வாறு செய்யவில்லை. அறிவை வளர்த்தற்கே பல்கலைக்கழகம் உள்ளது. விதிகள் அந்நோக்கத்திற்குத் துணையாக வகுக்கப்பெற்றவை. இதனை உணர்ந்தோர் அக்குழுவில் இருந்தனர். 1913-ஆம் ஆண்டு மே முதல் திங்கள்தோறும் எழுபத்தைந்து ரூபாய் அவருக்கு வழங்கப்பெற்றது. இருமுறை தன் தேர்வில் தேறாதவர் என ஒதுக்கிய அதே சென்னைப் பல்கலைக்கழகம், தன் ஆராய்ச்சி மாணவராக அவரை ஏற்றது. வாயிலை அடைத்தது தேர்வு. அதனைத் திறந்தவர்கள் தேர்வுக்கு அப்பாலும் நோக்கிய மனிதர்கள்.

கேம்பிரிட்சில்

1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் இராமானுசம் சென்னையினின்றும் கப்பலேறினார். கடல் கடத்தல் குற்றமெனக் கருதிய குடும்பத்தில் தோன்றிய அவர் இதற்கு இசைந்தது எளிதில் நிகழ்ந்ததன்று. சென்னைக்கு வந்திருந்த கேம்பிரிட்சு அறிஞர் நெவில், அவரை அழைத்துச் செல்லப் பெரிதும் முயன்றார். சென்னைப் பல்கலைக்கழகம் செலவுக்குப் பொருளளித்தது.

கேம்பிரிட்சில் ஹார்டியோடு அவர் ஐந்தாண்டுகள் உழைத்தார். முறையான கல்வியை இடையில் இழந்ததன் குறை அங்குப் புலப்பட்டது. முடிவுகளை அகக்கண்ணால் கண்டுவிடும் இராமானுசம், அவற்றைப் பிறர் ஏற்கும் வகையில் மெய்ப்பிக்கும் முறையை அங்கேயே பயின்றார். தளராது கற்றமையால் அக்குறையும் நீங்கி வந்தது.

அவர்தம் ஆராய்ச்சிகளுள் எண்களின் பிரிவினை பற்றியது சிறப்புடையது. 4 என்னும் எண்ணை 4 எனவும், 3+1 எனவும், 2+2 எனவும், 2+1+1 எனவும், 1+1+1+1 எனவும் ஐந்து வகையாக எழுதலாம். 5 என்னும் எண்ணை ஏழு வகையாகவும், 10 என்னும் எண்ணை 42 வகையாகவும் எழுதலாம். எண் பெருகப் பெருக வகைகள் மலைபோற் பெருகும். 100 என்னும் எண்ணுக்கு அவை 19,05,69,292 ஆகும். இவற்றை ஒவ்வொன்றாக எண்ணாமல் கணக்கிடும் சூத்திரத்தை இராமானுசமும் ஹார்டியும் கண்டனர். 200 என்னும் எண்ணுக்கு மக்மேகன் என்னும் அறிஞர் நெடிது முயன்று கண்ட விடையோடு, இவர்கள் சூத்திரம் தந்த விடை ஒத்திருந்தது. உண்மையைத் தேடுவோர்க்கு அமைந்த தேர்வு இதுவே.

1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் இராமானுசத்தின் ஆராய்ச்சியை ஏற்று அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவர்க்கு ஆராய்ச்சியினாலேயே பட்டம் கிடைத்தது. 1918-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. அப்போது அவர்க்கு வயது முப்பது. அவ்வாண்டிலேயே டிரினிடி கல்லூரியின் ஆய்வுநராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அக்கல்லூரியில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

இறுதி நாள்கள்

புகழ் வளர உடல்நலம் குன்றியது. அது முதல் உலகப்போர் நடைபெற்ற காலம். குளிரும், மரக்கறி உணவு எளிதிற் கிடையாமையும், தனிமையும், ஓயாத உழைப்பும் அவரை வாட்டின. 1917 முதல் மருத்துவமனைகளில் தங்க நேர்ந்தது. அந்நோய் காசமெனவே அந்நாளில் கருதப்பெற்றது. அமீபா என்னும் நுண்ணுயிரால் ஈரலில் உண்டான நோயாகலாம் எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கூறுவர். 1919-ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். நோய்ப் படுக்கையிலும் ஆராய்ச்சியை விடவில்லை. 1920-ஆம் ஆண்டு சனவரியில் தாம் புதிதாகக் கண்ட போலித் தீட்டாச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகள் பல அறிஞர்களின் வாழ்நாள் உழைப்புக்கு ஊற்றாயின. அவருடைய இறுதி ஆண்டின் தாள்கள் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, 1976-ஆம் ஆண்டில் டிரினிடி கல்லூரி நூலகத்தில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பெற்றன. இராமானுசத்தின் பிறந்த நாளாகிய டிசம்பர் 22-ஐ இந்திய நாடு 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகின்றது.

மாணவர் கொள்ளத்தக்கது

இராமானுசத்தின் வரலாற்றைப் படிப்போர் சிலர், தேர்வுக்குப் படித்தல் வீண் என்று எண்ணக்கூடும். அது பிழை. இரு தேர்வுகளின் வெற்றியே அவரைக் கல்லூரி வரை கொண்டு சென்றது, எஃப்.ஏ. தேர்வின் தோல்வியால் அவர் இழந்த ஆண்டுகள் மீளவில்லை. குறுகிய அவர் வாழ்நாளில் அவ்விழப்புப் பெரிது. வேறு சிலர், தேர்வில் தோற்றவர்க்கு வாழ்வே இல்லை என்று எண்ணக்கூடும். அது அதனினும் பெரிய பிழை. தோற்றபின்னரும் இராமானுசம் கற்பலகையைக் கீழே வைக்கவில்லை, தம் திறமையை அறிய வல்லாரைத் தேடி ஊர் ஊராக நடந்தார், கேட்கக் கூசவில்லை. திருக்கோவிலூரிலும் நெல்லூரிலும் சென்னைத் துறைமுகத்திலும் அவர் கண்ட நல்லோர், மதிப்பெண்ணை மட்டும் பாராது மனிதரைப் பார்த்தனர். மாணவர்க்குத் தளரா முயற்சி எத்துணை இன்றியமையாததோ, ஆசிரியர்க்கும் ஆட்சியாளர்க்கும் அத்தகைய பார்வையும் அத்துணை இன்றியமையாதது.

இராமானுசத்தின் உள்ளத்தைக் காட்டும் செய்தி ஒன்று இவ்வரலாற்றின் முடிவிற்கு ஏற்றது. அவர் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுதோறும் இருநூற்றைம்பது பவுன் வழங்க முன்வந்தது. 1919-ஆம் ஆண்டு சனவரியில் அதற்கு நன்றி கூறி எழுதிய மடலில், தம் தேவைக்கு அத்தொகை மிகுதி என்று அவர் தெரிவித்தார். தம் பெற்றோர்க்கு ஒரு பகுதியை அளித்து, தம் செலவுக்கு மேல் எஞ்சுவதை ஏழைச் சிறுவர்க்கும் பெற்றோரை இழந்தோர்க்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைத்தற்கும், பள்ளிகளில் நூல்கள் வழங்குதற்கும் பயன்படுத்துமாறு வேண்டினார். அரைச் சம்பளச் சலுகையால் உயர்நிலைப் பள்ளியிற் படித்த கும்பகோணத்துச் சிறுவனை, இராயல் கழகத்து உறுப்பினர் மறக்கவில்லை.